கொஞ்சம் திரும்பி உட்காருங்கள்

வேலை பிடிக்கவில்லை, விடவும் முடியவில்லை என்று ஞாயிறு இரவுகளில் புரண்டு படுப்பவர்களுக்கான வழிகாட்டி இது.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் அறுவை அரங்கில் ஒரு டாக்டருக்கு இரண்டு மேசைகள். ஒன்றில் கண்புரை அறுவை நடந்துகொண்டிருக்கும்போதே மற்றதில் அடுத்த நோயாளியைத் தயார்செய்து படுக்கவைத்திருப்பார்கள். முதல் கண் முடிந்ததும் டாக்டர் எங்கும் எழுந்து போவதில்லை. நுண்ணோக்கியை அந்தப் பக்கம் திருப்புகிறார், தானும் திரும்புகிறார், அடுத்த கண்ணைத் தொடங்குகிறார்.

இந்த மருத்துவமனையை நிறுவிய டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமியின் வாழ்க்கையும் இப்படித் திரும்பித் திரும்பித்தான் போனது. 1918-இல் வடமலாபுரம் கிராமத்தில் பிறந்தவர். உறவுக்காரப் பெண்கள் பிரசவ காலத்தில் இறந்துபோனதைப் பார்த்து, மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்று ஆசைப்பட்டார். 1944-இல் சென்னை ஸ்டான்லியில் மருத்துவப் பட்டம் பெற்றார், அடுத்து ராணுவ மருத்துவப் பணியில் சேர்ந்தார். முப்பது வயதை ஒட்டி முடக்குவாதம் வந்து படுக்கையில் தள்ளியது. எழுந்தபோது விரல்கள் கோணிப்போயிருந்தன. பேனாவைப் பிடிப்பதே பெரும்பாடாக இருந்த கையால் பிரசவம் பார்ப்பது நடக்காத காரியம்.

கண் மருத்துவத்துக்குத் திரும்பினார். முதலில் பேனா பிடிக்கப் பழகினார், பிறகு கத்தி பிடிக்க. தன் விரல்களின் கோணலுக்கு ஏற்றபடி கருவிகளை அமைத்துக்கொண்டார். அந்த விரல்கள் தம் காலத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தன. அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்றார். ஊரெல்லாம் பேரக்குழந்தைகளோடு உட்காரும் வயதில், 1976-இல், மதுரையில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு அரவிந்தைத் தொடங்கினார்.

இதை 'மன உறுதி' என்று ஒரு தலைப்பு போட்டு, கைதட்டி மறந்துவிடலாம். ஆனால் திங்கட்கிழமை ஆபீசுக்குப் போகிறவருக்கு இதில் பயன்படக்கூடிய சேதி வேறு. அவர் எந்தக் கட்டத்திலும் எல்லாவற்றையும் உதறிவிட்டுப் புறப்படவில்லை. மகப்பேறு போனபோது மருத்துவத்தை விடவில்லை. அரசு வேலை முடிந்தபோது கண்ணை விடவில்லை. கையில் இருப்பதை வைத்துக்கொண்டு பக்கத்து மேசைக்குத் திரும்பினார். திரும்பியபின், அந்த மேசைக்குத் தேவையான கையை நாள்பட நாள்படப் பழக்கினார்.

இந்தக் கட்டுரை சொல்லப்போவதும் அதுதான்: மனம் மாறட்டும், பிறகு செய்யலாம் என்று காத்திருக்காதீர்கள். கொஞ்சம் திரும்பி ஒரு சின்ன வேலையைத் தொடங்குங்கள். மனம் பின்னால் வந்து சேரும்.

எண்ணம் மாறினால் மட்டும் போதுமா?

'எண்ணம் மாறினால் எல்லாம் மாறும்' என்று பயிற்சி வகுப்புகளில் சொல்வார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் சொல்கிற அளவுக்கு இல்லை. அமெரிக்க உளவியலாளர் கரோல் ட்வெக், திறமை பிறவியிலேயே முடிந்துபோன விஷயம் என்று நம்புகிறவர்களையும் உழைத்தால் வளரும் என்று நம்புகிறவர்களையும் பல ஆண்டுகள் ஆராய்ந்து 2006-இல் ஒரு புத்தகம் எழுதினார். உலகம் முழுக்கப் பள்ளிகளும் கம்பெனிகளும் அதைப் பிடித்துக்கொண்டன. பின்னர் அவரும் சக ஆய்வாளர்களும் அமெரிக்காவில் சுமார் 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் இதைச் சோதித்து, 2019-இல் 'நேச்சர்' இதழில் முடிவை வெளியிட்டார்கள். ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பாடம். படிப்பில் பின்தங்கியிருந்த மாணவர்களின் மதிப்பெண் 4 புள்ளி அளவுகோலில் 0.1 உயர்ந்தது.

இவ்வளவு சின்ன பாடத்துக்கு அது நல்ல பலன்தான். அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: கூடப் படிக்கிறவர்கள் கடினமான பாடங்களை எடுத்துப் போராடத் தயாராக இருந்த பள்ளிகளில்தான் பலன் கூடுதலாகத் தெரிந்தது. எண்ணம் விதை மாதிரி. மண்ணும் தண்ணீரும் இல்லாமல் அது தனியே என்ன செய்யும்?

தொழில் மாறியவர்களைத் தொடர்ந்து கவனித்த ஹெர்மினியா இபார்ரா என்ற பேராசிரியர் 2003-இல் எழுதிய புத்தகமும் இதே பக்கம்தான் கைகாட்டுகிறது. 'நான் யார், எனக்கு என்ன வேண்டும்' என்று உட்கார்ந்து யோசித்து, விடை கிடைத்தபின் மாறுவதுதான் முறை என்று நாம் நினைக்கிறோம். வெற்றிகரமாக மாறியவர்களில் பெரும்பாலோர் தலைகீழாகச் செய்திருந்தார்கள். முதலில் சின்னச் சின்னதாகச் செய்துபார்த்தார்கள். தாங்கள் யார் என்பது செய்யச் செய்யத்தான் அவர்களுக்கே புரிந்தது.

சரி, எங்கே தொடங்குவது? எட்டு படிகள்.

1. கேள்வியைச் சிறிதாக்குங்கள்

'என் வாழ்க்கையை எப்படி மாற்றுவது?' என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் கிடையாது. அது மலைக்கவைக்கும், மலைப்பு சோம்பலில் போய் முடியும். 'இந்த விரலால் இந்தக் கருவியை எப்படிப் பிடிப்பது?' என்ற கேள்விக்குப் பதில் உண்டு. இன்றே முயன்று பார்க்கலாம்.

உங்கள் பெரிய கேள்வியை ஒரு தாளில் எழுதுங்கள். அதற்குக் கீழே, ஒரு வாரத்தில் செய்துபார்த்துப் பதில் தெரிந்துகொள்ளக்கூடிய மூன்று சின்னக் கேள்விகளை எழுதுங்கள். 'டேட்டா துறைக்கு மாறலாமா?' என்பது பெரிய கேள்வி. 'எங்கள் கடையின் ஆறு மாத விற்பனையை எக்செலில் போட்டு, எந்தக் கிழமையில் எந்தப் பொருள் போகிறது என்று என்னால் கண்டுபிடிக்க முடிகிறதா? அதைச் செய்யும்போது நேரம் போவது தெரிகிறதா?' என்பது சின்னக் கேள்வி. இரண்டு மணி நேரம் உட்கார்ந்தபின் மணியைப் பார்த்துக் கொட்டாவி வந்தால், ஒன்றரை லட்சம் ரூபாய் கோர்ஸில் சேராமல் தப்பித்தீர்கள். அதுவும் லாபம்தான்.

செய்துபார்த்தால் மட்டுமே வெளிவரும் உண்மைகள் உண்டு. கோவை அருணாசலம் முருகானந்தம் 1998-இல் மலிவு விலை நாப்கின் செய்ய இறங்கியபோது, பஞ்சை வைத்துத்தான் தொடங்கினார். திரும்பத் திரும்பத் தோற்றார். கம்பெனி நாப்கின்களில் இருப்பது மரக்கூழிலிருந்து எடுத்த செல்லுலோஸ் என்பது தெரியவே அவருக்கு ஆண்டுகள் பிடித்தன. அவருடைய முதல் யோசனை தவறு. வீட்டில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே இருந்திருந்தால் அது தவறு என்பதுகூடத் தெரிந்திருக்காது. பட்டறையில் வேலை பார்த்த, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட அந்த மனிதருக்கு 2016-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

2. வேலையை விடாமலே வேலையை மாற்றுங்கள்

ஏமி ரெஸ்னெவ்ஸ்கி, ஜேன் டட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் துப்புரவுப் பணியாளர்களிடம் பேசினார்கள். எல்லோருக்கும் ஒரே வேலை. சிலர் கொடுத்ததைச் செய்தோம், போனோம் என்று இருந்தார்கள். சிலர், நோயாளி குணமாவதில் தங்களுக்கும் பங்கு இருப்பதாக நினைத்து, அதற்கேற்ப நடந்துகொண்டார்கள். நோயாளிகளோடு நாலு வார்த்தை பேசினார்கள், வந்தவர்களுக்கு வழிகாட்டினார்கள், நர்சுகளின் வேலை ஓட்டத்தைக் கவனித்துத் தங்கள் நேரத்தை மாற்றிக்கொண்டார்கள். இதை 2001-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். வேலையின் பெயரும் சம்பளமும் அப்படியே இருக்க, வேலையை மட்டும் உள்ளிருந்தே மாற்றியவர்கள் இவர்கள்.

நீங்களும் ஒரு வாரம் இதைச் செய்யலாம். தினமும் மாலை, அன்று செய்த வேலைகளை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு குறி:

• செய்யும்போது உற்சாகம் — கூட்டல்
• செய்து முடித்ததும் களைப்பு, சலிப்பு — கழித்தல்
• நான்தான் செய்தாக வேண்டும் என்பதில்லை — வட்டம்

வெள்ளிக்கிழமை தாளைப் பாருங்கள். வட்டம் போட்டதில் ஒன்றைக் கைமாற்ற முடியுமா, அல்லது சுருக்க முடியுமா? அந்த நேரத்தில் கூட்டல் குறி போட்டதை ஒரு மணி நேரம் நீட்டிக்க முடியுமா? அரவிந்தின் வேகத்துக்குப் பின்னால் இருப்பதும் இதே கணக்குதான். கிராமங்களிலிருந்து இளம்பெண்களைத் தேர்ந்தெடுத்து இரண்டு ஆண்டுகள் பயிற்சி கொடுத்தார்கள். பரிசோதனை, அளவெடுப்பு, நோயாளியைத் தயார்செய்வது எல்லாம் அவர்கள் பொறுப்பு. டாக்டர் மட்டுமே செய்ய முடிந்ததை டாக்டர் செய்கிறார். அங்கே டாக்டரின் நேரம் மிச்சமானது ஒரு பங்கு. அந்தப் பெண்களுக்குக் கையில் ஒரு தொழில் வந்தது இன்னொரு பங்கு. ஆகவே வட்டம் போட்ட வேலையை ஜூனியர் தலையில் தள்ளிவிடாதீர்கள். உட்கார்ந்து கற்றுக்கொடுத்துவிட்டுக் கொடுங்கள்.

3. நாளும் நேரமும் இடமும் குறியுங்கள்

'இந்த வருஷம் கட்டாயம் ஆங்கிலப் பேச்சைச் சரிசெய்துவிடுவேன்' என்ற முடிவு பொங்கல் வரைகூட நிற்பதில்லை. காரணம் சோம்பேறித்தனம் என்று நம்மை நாமே திட்டிக்கொள்கிறோம். பாதிக் குற்றம் அந்த முடிவின் அமைப்பில் இருக்கிறது.

ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் குழுவினர் மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள்: கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலையை எப்படிக் கழித்தீர்கள் என்று இரண்டு நாட்களுக்குள் எழுதி அனுப்ப வேண்டும். ஒரு பாதியினரிடம், எப்போது, எங்கே உட்கார்ந்து எழுதப்போகிறீர்கள் என்பதையும் முன்கூட்டியே எழுதித் தரக் கேட்டார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் சொன்ன நேரத்துக்குள் முடித்தார்கள். மற்றவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர்தான் முடித்தார்கள்.

எனவே உங்கள் முடிவை இப்படி எழுதுங்கள்: 'இது நடந்ததும், அதைச் செய்வேன்.'

• 'மதியச் சாப்பாட்டு டப்பாவைக் கழுவி வைத்ததும், பத்து நிமிஷம் அந்த வீடியோ பாடத்தைப் பார்ப்பேன்.'
• 'கம்பெனி பஸ்ஸில் சீட் பிடித்ததும், போனில் இரண்டு பக்கம் படிப்பேன்.'
• 'மீட்டிங்கில் நான் பேசி முடிப்பதற்குள் யாராவது குறுக்கே பேசினால், "ஒரு நிமிஷம் சார், முடித்துவிடுகிறேன்" என்று சொல்வேன்.'

கடைசி வரியைக் கவனியுங்கள். படிப்புக்கு மட்டுமில்லை, கூச்சத்துக்கும் இந்த மருந்து வேலை செய்யும். என்ன சொல்வது என்பதை முன்பே வைத்துக்கொண்டால், நாக்கு அந்த நேரத்தில் தடுமாறாது.

4. 21 நாள் கணக்கை மறந்துவிடுங்கள்

21 நாள் தொடர்ந்து செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இந்த எண் பிரபலமானதற்கு மூலகாரணம் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன். முகத்தை மாற்றிக்கொண்ட நோயாளிகளுக்குப் புது முகம் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று அவர் 1960-இல் எழுதினார். 'குறைந்தது' என்ற சொல் வழியில் எங்கோ தொலைந்துபோயிற்று.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். தினம் ஒரு புதுப் பழக்கம்: மதியம் ஒரு பழம், காலையில் ஒரு டம்ளர் தண்ணீர், இப்படி. பழக்கம் ஊறுவதற்கு ஆன காலம் சராசரி 66 நாள். ஆளுக்கு ஆள், வேலைக்கு வேலை அது 18 நாளிலிருந்து 254 நாள்வரை விரிவதாகக் கணித்தார்கள். தண்ணீர் குடிப்பது சீக்கிரம் ஒட்டிக்கொண்டது, உடற்பயிற்சி இழுத்தடித்தது.

இதில் நமக்கு இரண்டு ஆறுதல்கள். 22-ஆம் நாள் காலையில் இன்னும் கஷ்டமாக இருந்தால், உங்களிடம் எந்தக் கோளாறும் இல்லை. நடுவே ஒரு நாள் விட்டுப்போனாலும் பழக்கம் உருவாவது பெரிதாகக் கெட்டுவிடவில்லை என்பதையும் அதே ஆய்வு காட்டியது. ஒரு நாள் விட்டதற்காக மொத்தத்தையும் கைவிடுவதுதான் நஷ்டம். வீட்டில் கல்யாணம், காய்ச்சல், ஆண்டுக் கணக்கு முடிக்கும் மார்ச் மாதம் எல்லாம் வரும். போகட்டும். அடுத்த நாள் திரும்பவும் உட்காருங்கள்.

5. பக்கத்துத் தெருவை எட்டிப்பாருங்கள்

புதிய சிந்தனை எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் நம் தொழிலில் இல்லாத இடத்திலிருந்து. டாக்டர் வெங்கடசாமி அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் கடைகளைப் பார்த்தார். எந்த ஊரில் நுழைந்தாலும் ஒரே தரம், ஒரே முறை, கூட்டத்தைச் சமாளிக்கும் வேகம். பர்கரை இப்படிக் கொடுக்க முடியுமென்றால் கண் சிகிச்சையை ஏன் இப்படிக் கொடுக்க முடியாது என்று கேட்டார். இரட்டை மேசை ஏற்பாடு இப்படிப்பட்ட யோசனையின் வழியில் வந்ததுதான். பணம் கட்ட முடிந்தவர்கள் தரும் கட்டணத்தில் கட்ட முடியாதவர்களுக்கும் சிகிச்சை நடந்தது.

கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்தபோது ஒன்று சுமார் 100 டாலர். 'குறைத்துக் கொடுப்பார்களா' என்று கேட்டுக்கொண்டிருப்பதோடு நிற்காமல், 'நாமே செய்தால் என்ன' என்று கேட்டார்கள். 1992-இல் அரவிந்தின் லென்ஸ் தயாரிப்புக் கூடமாக ஆரோலேப் தொடங்கியது. லென்ஸ் விலை சுமார் 10 டாலருக்கு இறங்கி, பின்னர் இன்னும் குறைந்தது.

மாதத்துக்கு ஒருமுறை, உங்கள் தொழிலோடு சம்பந்தமில்லாத ஓர் இடத்தைக் கண்ணைத் திறந்துவைத்துப் பாருங்கள். முகூர்த்த நாளில் ஆயிரம் பேருக்குப் பந்தி பரிமாறும் சமையல் காண்டிராக்டர், எந்த வேலையை முந்தின இரவே முடிக்கிறார்? கோயம்பேட்டில் விடிவதற்குள் லாரிகளைக் காலிசெய்கிறவர்கள், எதை எழுதுகிறார்கள், எதை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள்? பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி: இதில் எதை என் மேசைக்குக் கொண்டுவரலாம்?

6. பழைய சக ஊழியருக்கு ஒரு போன்

வேலை தேடும்போது நாம் முதலில் சொல்வது நெருங்கிய நண்பர்களிடம். அவர்களுக்குத் தெரிந்த காலியிடங்கள் பெரும்பாலும் நமக்கும் தெரிந்தவையே. ஒரே குட்டையில் ஊறியவர்கள். மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் அமெரிக்காவின் நியூட்டன் நகரில், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம் விசாரித்தார். அந்தத் 'தெரிந்தவரை' எப்போதாவதோ அபூர்வமாகவோ மட்டும் சந்தித்தவர்கள் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல். லிங்க்ட்இன் தளத்தில் சுமார் 2 கோடிப் பேரை வைத்து நடந்த ஆய்வு 2022-இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. அதுவும் வேலை மாறுவதற்கு மிக நெருக்கமும் இல்லாத, முற்றிலும் அந்நியமும் இல்லாத நடுவாந்தரப் பழக்கங்களே அதிகம் உதவுவதாகச் சொல்கிறது.

முதல் கம்பெனியில் பக்கத்து சீட்டில் இருந்தவர், காலேஜில் இரண்டு வருஷம் சீனியர், பயிற்சி வகுப்பில் நம்பர் வாங்கிக்கொண்டவர். இவர்களில் வாரம் ஒருவரைக் கூப்பிடுங்கள். எடுத்த எடுப்பில் 'வேலை இருக்கா?' வேண்டாம், சங்கடப்படுத்தும். 'அண்ணா, நீங்க இப்ப இருக்கிற துறைக்கு வரலாமான்னு யோசிக்கிறேன். அங்கே ஒரு நாள் எப்படிப் போகும்னு பதினைந்து நிமிஷம் சொல்றீங்களா?' என்று கேளுங்கள். தங்கள் வேலையைப் பற்றிச் சொல்லச் சொன்னால் மறுப்பவர்கள் குறைவு. முடிந்ததும் ஒரு நன்றி மெசேஜ் போடுங்கள். மூன்று மாதம் கழித்து என்ன செய்தீர்கள் என்று ஒரு வரி போடுங்கள். அந்த இரண்டாவது மெசேஜை அனுப்புகிறவர்கள் மிகக் குறைவு. அனுப்புகிறவர்களின் பெயர் ஞாபகத்தில் நிற்கும்.

7. பணத்தை எண்ணிவிட்டுத் திரும்புங்கள்

கனவு பற்றிய கட்டுரைகள் தாவிக் கடந்துவிடுகிற பகுதி இது. வேலையை விட்டு மாறுவதாக இருந்தால், ராஜினாமாக் கடிதத்துக்கு முன் இவற்றைப் பாருங்கள்:

• கையிருப்பு: வாடகை, மளிகை, ஸ்கூல் பீஸ், கடன் தவணை என்று வீட்டின் மாதச் செலவைக் கூட்டுங்கள். சம்பளம் வராமல் எத்தனை மாதம் ஓடும்? ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தால், வேலையில் இருந்துகொண்டே மாறுவதுதான் உங்கள் வழி.
• பி.எஃப்.: வேலை மாறும்போது பணத்தை எடுக்காமல் அதே யு.ஏ.என். எண்ணில் மாற்றிக்கொள்ளுங்கள். ஐந்து ஆண்டு தொடர்ச்சியான பணிக்குமுன் எடுத்தால் வரி வரும். ஓய்வூதியத்துக்குப் பத்து ஆண்டுப் பணி கணக்காக வேண்டும்.
• கிராஜுட்டி: நிரந்தர ஊழியருக்கு ஐந்து ஆண்டு முடிந்தால் கிடைக்கும். நாலரை வருஷத்தில் கோபத்தில் எழுதும் கடிதத்துக்கு விலை அதிகம்.
• மருத்துவக் காப்பீடு: கம்பெனி பாலிசி பொதுவாகக் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். தனிப் பாலிசியில் ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. ஆகவே வேலையில் இருக்கும்போதே எடுத்துவையுங்கள்.
• படிப்புச் செலவு: பெரிய கட்டணம் கட்டும் முன் என்.பி.டி.இ.எல்., ஸ்வயம் தளங்களைப் பாருங்கள். ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்களை இலவசமாகக் கேட்கலாம். சான்றிதழ்த் தேர்வு எழுதினால்தான் கட்டணம்.

8. வீட்டிலும் ஆபீசிலும் எப்படிச் சொல்வது?

'வேலையை விடப்போறேன்ப்பா' என்றால் அப்பாவுக்குத் தூக்கம் போய்விடும். அவர் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஒரு மாதச் சம்பளம் நின்றால் வீடு என்ன ஆகும் என்று பார்த்து வளர்ந்த தலைமுறை. 'அப்பா, ஆறு மாசம் சனிக்கிழமை மட்டும் இதைச் செஞ்சு பார்க்கிறேன். வீட்டுக்குக் கொடுக்கிற பணம் குறையாது. தீபாவளிக்கு உட்கார்ந்து பேசுவோம்' என்று சொல்லுங்கள். அளவும் கெடுவும் சொன்ன மாற்றத்தை வீடு தாங்கிக்கொள்ளும். முருகானந்தத்தின் சோதனைக் காலத்தில் மனைவியே சில காலம் பிரிந்துபோனார், ஊரும் ஒதுக்கியது. பிறகு எல்லாம் கூடிவந்தது உண்மை. எல்லோருக்கும் அப்படிக் கூடிவரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

மேனேஜரிடமும் அப்படித்தான். 'எனக்குப் புதுப் பொறுப்பு வேண்டும்' என்பதைவிட, 'சார், மாசக் கடைசி ஸ்டாக் ரிப்போர்ட்டை இந்த இரண்டு மாசம் நான் போட்டுத் தரட்டுமா? இப்ப இருக்கிற வேலை எதுவும் தேங்காது' என்பது வேலைக்காகும். அவர் மறுப்பதற்கான காரணத்தை நீங்களே முன்கூட்டி எடுத்துவிட்டீர்கள். இரண்டு மாதம் கழித்து அந்த ரிப்போர்ட் உங்கள் பெயரில் ஓடிக்கொண்டிருக்கும். அப்ரைசலில் பேச ஆதாரமும் இருக்கும்.

எழுந்தே போக வேண்டிய இடங்கள்

திரும்பி உட்கார்வது எல்லாவற்றுக்கும் தீர்வாகாது. சில இடங்களில் கோளாறு உங்கள் எண்ணத்தில் இல்லை, நாற்காலியிலேயே இருக்கிறது. சம்பளம் மாதக்கணக்கில் நிற்கிறது, பொய்க்கணக்கு எழுதச் சொல்கிறார்கள், தினமும் அவமானப்படுத்துகிறார்கள் என்றால், 'நான்தான் மாற வேண்டும்' என்று உங்களையே குடைந்துகொள்ளாதீர்கள். வேலைச் சோர்வு என்பதை உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வரையறுத்தபோது, சரியாகக் கையாளப்படாத நாள்பட்ட பணியிட அழுத்தத்தின் விளைவு என்றுதான் சொன்னது. ஊழியரின் பலவீனம் என்று சொல்லவில்லை. பாலியல் தொல்லை என்றால் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் எந்த இடத்திலும் உள்புகார்க் குழு இருக்க வேண்டும். பொதுவாக மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தேதிகளையும் மெசேஜ்களையும் பத்திரப்படுத்துங்கள்.

இங்கே மாற்றம் என்பது வெளியே போகும் வாசலைத் தேடுவது. மேலே சொன்ன 6-ஆம், 7-ஆம் படிகளை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த 90 நாள்

• முதல் வாரம்: கூட்டல், கழித்தல், வட்டம் தாள். மூன்று சின்னக் கேள்விகள்.
• 2 முதல் 4-ஆம் வாரம்: ஒரு கேள்வியை மட்டும் எடுத்துச் செய்துபாருங்கள். 'இது நடந்ததும் அது' என்ற ஒரு வரியை எழுதி, கண்ணில் படும் இடத்தில் ஒட்டுங்கள்.
• 2-ஆம் மாதம்: வாரம் ஒரு போன். பக்கத்துத் தொழில் ஒன்றை நேரில் பாருங்கள். மேனேஜரிடம் ஒரு சின்னப் பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள்.
• 3-ஆம் மாதம்: பணக் கணக்கை எழுதுங்கள். வீட்டில் பேசுங்கள். செய்துபார்த்ததில் எது ஒட்டியது, எது உதிர்ந்தது என்று பாருங்கள்.
• 90-ஆம் நாள்: தொடர்வதா, வேறு பக்கம் திரும்புவதா, இருக்கும் இடத்திலேயே இருப்பதா? மூன்றில் எதுவானாலும், இப்போது அது தெரிந்து எடுத்த முடிவு.

90 நாளில் உங்கள் விசிட்டிங் கார்டு மாறியிருக்காது. மேசைமேல் மூன்று மாதமாகப் பழகிய ஒரு புது வேலை இருக்கும். அரவிந்தில் ஒரு நோயாளியிடமிருந்து அடுத்தவருக்குத் திரும்பும் டாக்டருக்கும் அந்தத் திருப்பம் பெரிதாகத் தெரிவதில்லை. மறுநாள் கட்டவிழ்க்கும்போது அந்த நோயாளிக்குத்தான் அது தெரிகிறது.

நாளை காலை சீட்டில் உட்கார்ந்ததும் ஒரு தாளை எடுங்கள். முதல் வரியில் இன்றைய முதல் வேலையை எழுதுங்கள். பக்கத்தில் கூட்டலா, கழித்தலா, வட்டமா?